உள்ளே ஆள்

எனக்கு நாய் என்றால் பயம். கல்யாணத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் மாரிராஜிடம் நான் வைத்த ஒரே நிபந்தனை, வீட்டில் நாய் கூடாது என்பதுதான். அன்றைக்குத் தலையைத் தலையை ஆட்டிய மனிதர், 2012 பங்குனியில் ஒரு சாயங்காலம் ஓநாய் மாதிரி ஒன்றைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

“கிம் சார் கொரியாவுக்குத் திரும்பிப் போறாரு, செல்வி. இதக் கூட்டிட்டுப் போவ முடியலையாம். மனுசன் அழுதுட்டாரு” என்றார்.

“அவரு அழுதா நாம நாய் வளக்கணுமா? நாளைக்கு இன்னொருத்தரு அழுதா ஒட்டகத்தக் கூட்டிட்டு வருவியளா?”

என் வீட்டுக்காரர், கொரியா கம்பெனி அதிகாரியான அந்தக் கிம் சாருக்கு நாலு வருஷமாகக் கார் ஓட்டியவர். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம், எனக்கும்தான். இங்கே வல்லம் வடகாலில் மூன்று கம்பெனிகளுக்குச் சாப்பாடு சமைத்து அனுப்பும் ஒரு கேன்டீன் கான்ட்ராக்டரின் கிச்சனில் எனக்கு ஸ்டோர் வேலை. அரிசி, பருப்பு, காய், எண்ணெய் எல்லாம் என் கையெழுத்தில்லாமல் வெளியே போகாது. கிச்சனுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். அந்தக் கூரைக்குக் கீழே சித்திரை மாதம் மனுஷனே வெந்துபோவான். அங்கேதான் பனிப் பிரதேசத்து நாயைக் கொண்டுவந்து கட்டினார் என் வீட்டுக்காரர்.

அதன் பெயர் பொரி. கொரியா மொழியில் ஏதோ தானியத்தின் பெயராம். எங்கள் மகள் சுகப்பிரியாவுக்கு அப்போது ஐந்து வயது. “ஆயுத பூசைக்குப் படைப்பமே, அந்தப் பொரியா?” என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அது போய் அவள் கால் இரண்டையும் முகர்ந்து பார்த்து, அங்கேயே படுத்துக்கொண்டது. அவ்வளவுதான், அன்றிலிருந்து அது அவள் நாய்.

எனக்கு அதன் கண்ணைப் பார்க்கவே முடியாது. இரண்டும் நீலம். கேஸ் அடுப்பைச் சிம்மில் வைத்தால் பர்னரைச் சுற்றி நிற்குமே, அந்த நீலம். குரைக்கவும் செய்யாது. கோபம் வந்தாலும் சந்தோஷம் வந்தாலும் தலையைத் தூக்கி ஊளைதான். சுகாவை அடிக்கக் கை ஓங்கினால் எங்கிருந்தாலும் வந்து எங்களுக்கு நடுவில் நிற்கும். உறுமாது, பல்லைக் காட்டாது, சும்மா நின்று என்னைப் பார்க்கும். நான் கையை இறக்கிவிடுவேன். பெற்ற பிள்ளையை அடிக்க நாயிடம் அனுமதி வாங்க வேண்டிய நிலைமை எனக்கு.

குளிர் என்றால் அதற்கு உயிர். ஃபிரிஜ்ஜைத் திறக்கும் சத்தம் கேட்டால் ஓடி வந்து காய்கறித் தட்டில் தாடையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ளும். பாத்ரூம் ஈரத்தில் வயிற்றை ஒட்டிக்கொண்டு மணிக்கணக்காகக் கிடக்கும். கிம் சார் வீட்டில் அதற்கென்று தனி ஏ.சி. அறையாம். எங்கள் வீட்டில் ஏ.சி. இல்லை, சரி, அந்த வருஷம் கரண்டும் இல்லை. பகலில் மட்டும் ஏழு மணி நேரம், எட்டு மணி நேரம் போய்விடும். மின்விசிறி நின்றதும் பொரியின் நாக்கு தரையைத் தொடும்.

ஏப்ரல் கடைசியில் ஒருநாள் அது அப்படியே சரிந்து விழுந்துவிட்டது. ஸ்ரீபெரும்புதூரில் மாட்டு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஐஸ் கட்டியை வயிற்றில் வைத்து, குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்க வைத்தார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, “இத இந்த ஊர்ல வெச்சிருக்கறதே தப்புங்க. வெயில்ல ஓட வுட்டீங்கன்னா பத்து நிமிஷம் தாங்காது, சொல்லிட்டேன்” என்றார். சுகா அதைக் கேட்டு நாய் மேல் விழுந்து அழுதாள்.

வழி சொன்னது கிச்சன் சூப்பர்வைசர் கோதண்டராமன் அண்ணன். உள்ளூர்க்காரர், வாய்தான் கரடுமுரடு, மனசு வெண்ணெய். கிச்சனில் இரண்டு கோல்டு ரூம் இருந்தது. புதியது காய்கறிக்கு. பழையது சின்னது, மோர் கேன்களை அடுக்குவதற்கு மட்டும். இரண்டும் ஜெனரேட்டரில் ஓடுவதால் கரண்ட் போனாலும் நாலு டிகிரிதான்.

“மத்தியானம் பன்னண்டுலேருந்து நாலு மணி வரைக்கும் பழைய ரூம்ல வுட்டுடும்மா. கேன் எல்லாம் சீல் வெச்சது, ஒண்ணும் ஆவாது. ஆடிட்காரன் வந்தா மட்டும் எனக்கு ஒரு குரல் குடு, இன்னா” என்றார்.

இப்போது அந்தப் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பெனிகளில் மிஷினுக்குள் ஆள் வேலை செய்யும்போது வெளியே பலகை மாட்டுவார்கள். மாட்டியவரே வந்து எடுக்கும்வரை வேறு யாரும் சுவிட்சைத் தொடக் கூடாது. அந்தப் பழக்கத்தை எங்கள் கிச்சனுக்கும் கொண்டுவந்திருந்தார்கள். ‘உள்ளே ஆள். கதவைப் பூட்டாதே’ என்று மஞ்சள் தகட்டில் சிவப்பெழுத்து. கோல்டு ரூமுக்குள் போகிறவர் அதைக் கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். பழைய ரூமில் உள்ளிருந்து தள்ளித் திறக்கிற குமிழ் உடைந்து ஒரு வருஷமாகியிருந்தது. அதனால் அங்கே பலகை ஒன்றுதான் காவல்.

பொரியை விட்ட முதல் நாளே அது மூக்கால் கதவைத் தள்ளிக்கொண்டு கிச்சனுக்குள் வந்துவிட்டது. சோறு வடிப்பவர்கள் அலறியடித்து ஓடினார்கள். மறுநாளிலிருந்து வெளியே கொண்டி போட்டோம். தெரியாமல் யாரும் திறந்துவிடக் கூடாதே என்று பலகையையும் மாட்டினோம். ஒரே வாரத்தில் கிச்சனில் எல்லாருக்கும் அது பழகிவிட்டது. பலகை தொங்கினால் பொரி உள்ளே இருக்கிறது, கொண்டி போடு. பூட்டாதே என்று எழுதியிருக்கும் பலகையைப் பார்த்துப் பார்த்துப் பூட்டிக்கொண்டிருந்தோம். அதில் ஒரு தப்பு இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மே மாதம், அக்னி நட்சத்திரம். சுகாவுக்குப் பள்ளிக்கூட விடுமுறை, என்னோடுதான் கிச்சனில் இருப்பாள். அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குப் பொரியை உள்ளே விட்டு, பலகையை மாட்டினேன். கொண்டி போடுவதற்குள் எண்ணெய் டின் வண்டி வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். கதவை வெறுமனே சாத்திவிட்டுப் போனேன். டின்களை எண்ணி இறக்கிவிட்டுத் திரும்பி வரக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். பலகை தொங்கியது. கை தானாகப் போய்க் கொண்டியைத் தள்ளியது. உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தக் கால் மணி நேரத்தில் என் மகள் உள்ளே போயிருந்தாள். வியர்த்துக் கொட்டியிருக்கிறது பிள்ளைக்கு, பொரி பக்கத்தில் கொஞ்ச நேரம் படுத்துக்கொள்ளலாம் என்று போயிருக்கிறாள். கையில்லாத பருத்திக் கவுன் ஒன்றுதான் உடம்பில்.

பிள்ளையை உள்ளே வைத்துக் கொண்டி போட்டவள் நான்தான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் எனக்கு அது தெரியவில்லை.

ஒன்றரை மணிக்குச் சாப்பாட்டு வண்டிகள் கிளம்பிய பிறகு, பிள்ளைக்குச் சோறு ஊட்டத் தட்டோடு தேடினேன். காய் வெட்டும் இடத்தில் இல்லை. வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டில் இல்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டபோது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. தட்டை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை ஞாபகமில்லை.

“இப்பத்தாங்கா பாத்தேன், இங்கதான் சுத்திக்கினு இருந்துச்சு” என்றாள் காய் வெட்டும் கங்கா.

“எப்பப் பாத்தட்டி?”

அவள் யோசித்தாள். “பன்னண்டு மணி இருக்கும்.”

வாசலைத் தாண்டினால் லாரி ரோடு. அந்தப் பக்கம் புதிதாகக் கம்பெனி கட்டக் கடைக்கால் தோண்டி, பாதியில் விட்ட பள்ளம். கோடை மழைத் தண்ணீர் ஆள் உயரத்துக்கு அதில் நின்றது. ஒரு மாதத்துக்கு முன்னால் கன்றுக்குட்டி ஒன்று விழுந்து, மூன்றாம் நாள்தான் மிதந்தது. எனக்கு அந்தக் கன்றுக்குட்டியின் வயிறுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

கிச்சனுக்குள்ளேயே இன்னொரு முறை சுற்றி வந்தேன். பழைய கோல்டு ரூமுக்குள் பொரி ஊளையிட்டுக்கொண்டிருந்தது. நாலு விரற்கடை தடிமன் உள்ள கதவு, எக்ஸாஸ்ட் ஃபேன் இரைச்சல் வேறு. கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலத்தான் கேட்டது. இருந்த பதற்றத்தில் எனக்கு எரிச்சல் தலைக்கேறிவிட்டது. கதவில் ஓங்கி அடித்து, “சும்மா கெட, சனியனே. நானே பிள்ளையக் காணாமத் தவிச்சிக்கிட்டு கெடக்கேன்” என்று கத்தினேன்.

உள்ளே ஊளை நின்றது. நான் அங்கிருந்து போய்விட்டேன்.

பள்ளத்தைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. சப்ளை வேன் டிரைவர் நெல்லையப்பனும் இன்னும் இரண்டு பேரும் ஓரத்து இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி மூங்கிலால் துழாவினார்கள். மூங்கில் எதிலாவது முட்டி நிற்கும்போதெல்லாம் என் மூச்சும் நின்றது. ஒருமுறை ஒரு சாக்கு வந்தது, ஒருமுறை டயர். மாரிராஜுக்குப் போன் போட்டேன். அவர் மறைமலை நகரில் டியூட்டியில் இருந்தார். “பிள்ளையக் காணும்” என்று மட்டும் சொன்னேன். வெயில் மண்டையைப் பிளந்தது.

அப்போதுதான் கங்கா ஓடி வந்தாள்.

“அக்கா, கோச்சுக்காத. சூப்பர்வைசர் அண்ணன் உன்ன கூட்டினு வரச் சொன்னாரு. அந்த நாயி கத்தினே கீது, கதவப் போட்டு பிராண்டுது. ரெண்டாவது ஷிப்டுக்கு மோர் கேன் எடுக்கணும், கிட்டப் போவ எல்லாருக்கும் பயமா கீதாம்.”

“நாயப் பாக்குத நேரமாட்டி இது?” என்று சொல்ல வாயைத் திறந்தவள், அப்படியே நின்றேன்.

பொரி அந்த ரூமுக்குள் ஒருநாளும் கத்தியதில்லை. வெயிலில் கத்தும், கரண்ட் போனால் கத்தும், குளிரில் மட்டும் கத்தாது. நாலு மணிக்குக் கதவைத் திறந்தால் எழுந்து வர மனசில்லாமல் கிடக்கும். நான்தான் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்து வர வேண்டும். சொர்க்கத்தில் இருக்கிற நாய் எதற்காகக் கதவைப் பிராண்ட வேண்டும்?

எப்படி ஓடினேன் என்று தெரியாது. செருப்பு ஒன்று பள்ளத்தருகிலேயே போய்விட்டது. பலகை தொங்கிக்கொண்டிருந்தது. ‘உள்ளே ஆள்.’ கொண்டியைப் பிடித்தால் கை வழுக்குகிறது. இரண்டாவது இழுப்பில்தான் திறந்தது.

மோர் கேன்களுக்கு நடுவே மூலையில் பொரி படுத்திருந்தது. அதன் அடியிலிருந்து இரண்டு சின்னப் பாதங்கள் மட்டும் தெரிந்தன. நான் ஓரடி வைத்தேன். அது தலையைத் தூக்கி உறுமியது. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னைப் பார்த்து அது உறுமியது அன்றைக்குத்தான். பல் முழுவதும் தெரிந்தது. அந்த நீலக் கண் என் மேலிருந்து அசையவில்லை. கொண்டி போட்டவள் இவள், கதவில் அடித்து வாயை மூடச் சொன்னவள் இவள் என்று அதற்குத் தெரியும் என்றே எனக்குத் தோன்றியது.

பின்னால் வந்த கோதண்டராமன் அண்ணன், “கிட்டப் போவாதம்மா, கடிச்சிரும்” என்றார்.

“கடிக்கட்டும்” என்றேன். கண்ணை மூடிக்கொண்டு அதன் வாய்க்குக் கீழே கையை விட்டேன். சூடான மூச்சு மணிக்கட்டில் பட்டது. கடிக்கவில்லை. கையை முகர்ந்து பார்த்துவிட்டு எழுந்து விலகியது.

சுகாவின் உதடு நாவற்பழம் தின்றது மாதிரி இருந்தது. கண் பாதி மூடியிருந்தது. கூப்பிட்டால் ‘ம்’ என்ற சத்தம்கூட வரவில்லை. ஆனால் கவுனுக்குள் கையை விட்டால் வயிறு கதகதவென்று இருந்தது. ஒன்றே முக்கால் மணி நேரம் அந்த நாய் அவளைத் தனக்குக் கீழே போட்டு மூடிக்கொண்டு கிடந்திருக்கிறது. இடையிடையே எழுந்து கதவைப் பிராண்டிவிட்டு, திரும்பவும் வந்து படுத்திருக்கிறது. கதவின் உட்புறத் தகட்டில் அந்தக் கீறல்களைப் பிறகு பார்த்தேன்.

அரிசிச் சாக்கில் பிள்ளையைச் சுற்றி ஆம்னி வேனுக்குள் ஏறினேன். நெல்லையப்பன் ஈர வேட்டியோடு வண்டியை எடுத்தான். ஒரகடம் கூட்டு ரோட்டு ஆஸ்பத்திரிக்கு நாலு கிலோமீட்டர். பின் சீட்டில் பின்கண்ணாடி பக்கம் திரும்பி உட்கார்ந்து, அவளை மடியில் சாய்த்துப் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தேன்.

அரை கிலோமீட்டர் போயிருப்போம். தார் ரோட்டின் நடுவில் பொரி ஓடி வந்துகொண்டிருந்தது.

கோல்டு ரூம் கதவை யாரும் சாத்தவில்லை. எல்லாருக்கும் பிள்ளை மேல்தான் கண். நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, காது பின்னால் மடிய, எங்கள் வண்டியை மட்டும் பார்த்து ஓடி வந்தது. பத்து நிமிஷம் தாங்காது என்று டாக்டர் சொன்னது என் காதில் கேட்டது. “நெல்லையப்பா, நிறுத்து” என்று சொன்னால் போதும். பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். ஒரு நிமிஷம், அந்த ஒரு நிமிஷத்தில் இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? நான் சொல்லவில்லை. இதற்காக என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் கூட்டு ரோட்டுக்கு முன்னால் கார் ஏற்றும் நீள லாரி ஒன்று குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. வண்டிகள் எல்லாம் நின்றுவிட்டன. எங்கள் வேனும் நின்றது. நெல்லையப்பன் ஹாரனில் கை வைத்தபடி முன்னால் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பொரி வந்து சேர்ந்துவிட்டது. பின்கதவில் முன்னங்கால் இரண்டையும் வைத்து எழுந்து, கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தது. கண்ணாடியில் எச்சில் ஒழுகியது. இரண்டு நிமிஷம் இருக்கும், வண்டி நின்றபடியே நின்றது. எட்டித் திறக்கிற தூரத்தில்தான் கதவு.

நான் திறக்கவில்லை. அது பிள்ளையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்க்கிறது என்று நினைத்தேன். ஏறியதும் என் கழுத்தில்தான் வாய் வைக்கும் என்று பயந்தேன். மணிக்கட்டை முகர்ந்துவிட்டு விலகிய நாய் என்பது அந்த நேரத்தில் புத்தியில் இல்லை. முகத்தை முன்பக்கம் திருப்பிக்கொண்டேன். லாரி திரும்பி முடிந்தது. வேன் கிளம்பிய வேகத்தில் பின்னால் நகங்கள் தகரத்தில் வழுக்கும் சத்தம் கேட்டது.

ஆஸ்பத்திரியில் வெந்நீர்ப் பை, கம்பளி, குளுக்கோஸ். நாலு மணிக்குச் சுகா கண்ணை முழுசாகத் திறந்து பசிக்கிறது என்றாள். “நாயி மேல படுத்திருந்ததாலதான் பொழைச்சுது. இல்லன்னா கஷ்டம்மா” என்று அந்தப் பெண் டாக்டர் என் தோளில் தட்டிவிட்டுப் போனார். நான் அவர் காலில் விழாத குறை.

மாரிராஜ் வந்தபோது மணி ஐந்து. முதலில் பிள்ளையின் தலை, கை, கால் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். பிறகுதான் நான் கவனித்தேன், அவர் சட்டை முழுவதும் ஈரம், சாம்பல் நிற முடி.

“பொரி போயிருச்சு, செல்வி” என்றார் மெதுவாக. “கூட்டு ரோட்டுல டீக்கடை வாசல்ல கெடந்துச்சு. கடைக்காரங்க கொடம் கொடமா தண்ணி ஊத்திருக்காங்க. நான் வந்து மடியில தூக்கிப் போட்டேன், உடம்பு அனலா கொதிச்சிது. டாக்டருகிட்டப் போவமுன்னே முடிஞ்சிருச்சு.” மூக்கைத் துடைத்துக்கொண்டார். “பிள்ள வாசனையப் பிடிச்சிக்கிட்டே வந்திருக்கும் போல. நீ இருந்த பதட்டத்துல பாத்திருக்க மாட்ட. பாத்திருந்தா ஏத்திருப்ப.”

“பாக்கலங்க” என்றேன்.

“வந்துச்சேம்மா” என்றாள் சுகா.

இரண்டு பேரும் கட்டிலைப் பார்த்தோம். கம்பளிக்கு வெளியே முகம் மட்டும் தெரிந்தது. கோபமில்லை, அழுகையில்லை. நான் பாட்டை மாற்றிப் பாடினால் திருத்துவாளே, அந்தக் குரல்தான்.

“பின்னாடி கண்ணாடில கால் வச்சு நின்னுச்சு. நான் பாத்தேன். நீயும் பாத்தியே. பாத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்ட.”

மாரிராஜ் என்னைப் பார்த்தார். நான் பாலை ஆற்றிக்கொண்டிருந்தேன். அது ஆறி வெகு நேரமாகியிருந்தது. பிறகு அவர் குழி தோண்ட ஆள் பார்க்க வேண்டும் என்று எழுந்து போனார்.

மூன்று வருஷம் ஆகிறது. பலகையைப் பற்றிக் கேட்டார், உடைந்த குமிழைப் பற்றிக் கேட்டார், கொண்டியைப் பற்றிக்கூடக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன், அழுதேன், அவரும் தேற்றினார். அந்தக் கண்ணாடியைப் பற்றி மட்டும் இன்றுவரை அவர் கேட்கவில்லை.